பூட்டிய பெட்டியும் நீல வாளியும்

"பெட்டியைத் திறங்க. மீட்டர் என்ன காட்டுதுன்னு பாத்துடலாம்."

ஓடீல் வார்னான் இதைச் சொன்னபோது அந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் பதினேழு பேர் இருந்தார்கள். பதினேழு பேரும் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்கள். குறிப்பெழுதும் நேல், இதை எழுதலாமா கூடாதா என்பதுபோல இயக்குநரைப் பார்த்தாள்.

ம்யூஸ் வளைய ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஓடீலிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லியிருந்தார்கள். ஒன்று, இங்கே பெரியவர் சின்னவர் கிடையாது, இயக்குநரைக்கூட லோடவைக் என்று பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். இரண்டு, பெட்டியைத் திறக்கச் சொல்லி மட்டும் கேட்கவே கூடாது. முதல் விஷயம் அவளுக்கு ஒரே வாரத்தில் புரிந்துவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிடலாம். கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்ப்பார் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டாவது விஷயம் மூன்று வருடமாகியும் புரிந்தபாடில்லை.

பெட்டி என்றால் மரப்பெட்டியோ இரும்புப்பெட்டியோ அல்ல. கணினிக்குள் பூட்டிவைத்த தரவு. தரைக்குக் கீழே முப்பத்தொரு கிலோமீட்டர் வளையத்தில் அணுத் துணுக்குகளை ஓடவிட்டு, நேருக்கு நேர் மோதவிட்டு, சிதறியதில் டிமிடான் என்ற துகள் இருக்கிறதா என்று இருபத்தொன்பது வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மிகவும் கூச்ச சுபாவமுள்ள துகள். ஒன்றைக் கண்டுபிடிக்கத் தவிக்கிற ஆள் அதை எங்கே பார்த்தாலும் காண்பான் என்பதால், டிமிடான் இருக்கக்கூடிய பகுதியை மட்டும் பூட்டிவிடுவார்கள். எப்படிக் கணக்குப் போடுவது என்று முதலில் முடிவுசெய்து, குழுக்கள் ஒப்புதல் கொடுத்தபிறகுதான் திறப்பார்கள். இதில் தப்பொன்றும் இல்லை. ஓடீலே ஒப்புக்கொள்வாள்.

தப்பு எங்கே தொடங்கியதென்றால், நல்ல பழக்கம் ஒன்று கையில் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் பூட்ட ஆரம்பித்ததில். உணவுக்கூடத்துச் சூப் பிடித்திருக்கிறதா என்று போன வருடத்துக்கு முந்தின வருடம் வாக்கெடுத்தார்கள். முடிவு இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது, அதே சூப்பைத்தான் இன்னும் ஊற்றுகிறார்கள். போன வருடம் வாயு மீட்டரையும் பூட்டிவிட்டார்கள். மீட்டரைப் பார்க்கிறவர்களுக்குக் கசிவு இருக்குமோ என்று ஒரு பயம் வந்துவிடுகிறதாம். பயம் வந்தால் முள் நகர்கிற மாதிரித் தெரியுமாம். மனிதர்களின் பயத்திலிருந்து மீட்டரைக் காப்பாற்றத்தான் இந்த ஏற்பாடு.

லோடவைக் ஹெரிங்கா ஓடீலைப் பார்த்துக் கனிவாகச் சிரித்தார்.

"இங்க யாரும் யாருக்கும் மேல இல்ல, ஓடீல். அதனால உன்னைக் கண்டிக்கிற அதிகாரம் எனக்குக் கிடையாது. நீ சொன்னது நம்ம யார் காதுலயும் விழல, அவ்வளவுதான்."

கூட்டக் குறிப்பில் நேல் எழுதியது இது: கோப்பைகள் கீழே வைக்கப்பட்டன.

ஓடீல் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஐரோப்பாவில் காற்றைச் சூடாக்குகிற புகையோ வாயுவோ விடுகிறவர்கள் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும். சீட்டு மிஞ்சினால் விற்கலாம், போதாவிட்டால் வாங்க வேண்டும். இதுவரை இரும்பாலைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும்தான் அந்தப் பட்டியலில் இருந்தன. இந்த வருடம் ஆய்வகங்களையும் சேர்த்துவிட்டார்கள். துகள் சிதறுவதைப் பார்க்கிற கருவிக்குள் ஒரு வாயு சுற்றிக்கொண்டே இருக்கும். அது ஒரு கிலோ வெளியே போனால் கரியமிலவாயு ஆயிரத்து நானூறு கிலோ போனதற்குச் சமம். போன வருடம் எவ்வளவு போனது என்று ஒரு படிவத்தில் எழுதி, வாயுப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டு, வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள் லியேஜ் நகரத்து அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

படிவத்தைத் தட்டச்சு செய்தே கொடுத்திருந்தார்கள். 'வெளியேறிய அளவு: பூஜ்யம் (எதிர்பார்ப்பின்படி).' அதற்குக் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. வாயுப் பொறுப்பாளர் ஓடீல்.

அவளுடைய ஒப்பந்தம் ஜூன் முப்பதோடு முடிகிறது. நிரந்தர வேலைக்கான கடிதம் லோடவைக் மேசையில் இருக்கிறது. இரண்டு காகிதத்துக்கும் சம்பந்தம் உண்டென்று யாரும் சொல்லவில்லை. இரண்டையும் ஒரே கவ்வியில் மாட்டி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

ஓடீல் ஸெரான்காரி; இரும்பாலைத் தொழிலாளிகளின் ஊர். ம்யூஸ் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் அவள் அம்மா ஜோஸியான் உருளைக்கிழங்கு வறுத்து விற்கிறாள். கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அந்தக் குடும்பத்தில் ஓடீல்தான். மூன்று தலைமுறையாகப் படித்தவர்கள் 'ஒரு கருத்தை முன்வைக்க விரும்புகிறேன்' என்பார்கள். இவளுக்கு நேராகக் கேட்கத்தான் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மாவின் அடுப்புக்குச் சிலிண்டர் மாற்றியவள். காலிச் சிலிண்டர் எது, நிறைந்தது எது என்று அவள் தோள்பட்டைக்குத் தெரியும். அந்தத் தோள்பட்டைதான் முதலில் சந்தேகப்பட்டது. வாயு உள்ளேயே சுற்றுகிறதென்றால் புதுச் சிலிண்டரே தேவைப்படக் கூடாது. ஆனால் போன வருடம் முப்பத்தெட்டு வந்திருக்கிறது. ஆறு இன்னும் கிடங்கில் நிறைந்து நிற்கிறது. முப்பத்திரண்டு காலி.

போன வாரம் அம்மா கடையிலிருந்து ஒரு நீல வாளியை எடுத்துக்கொண்டு, அதில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, ஒரு பிரஷ்ஷோடு கீழே இறங்கினாள். குழாயில் இருநூற்றுப் பதினான்கு மூட்டுகள். இரண்டு நாள் ஒவ்வொன்றாகச் சோப்பு நுரை தடவினாள். நூற்று அறுபத்து மூன்றாவது மூட்டில் பிளம் பழம் அளவுக்கு ஒரு குமிழி எழும்பி, உடைந்து, மறுபடி எழும்பியது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. விலை அரை யூரோ. மாற்ற வேண்டுமானால் இரண்டு நாள் தேடலை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் ஏன் நிறுத்தினோம் என்று எழுத வேண்டும்.

செவ்வாய்க்கிழமை புள்ளியியல் குழு அவளைக் கூப்பிட்டது. தலைவர் பேராசிரியர் ஸ்ட்ரூவ, ஜெர்மனியின் ஆஹன் நகரத்தவர், யாரையும் கடிந்து பேசாதவர்.

"மொத்தம் எத்தனை மூட்டு பாத்தேம்மா?"

"இருநூத்திப் பதினாலு."

"குமிழி வந்தது?"

"ஒண்ணுல."

ஸ்ட்ரூவ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட செய்தி சொல்லப்போகும் டாக்டர் மாதிரி இருந்தது.

"இருநூத்திப் பதினாலு இடத்துல தேடினா எங்கயாவது ஒண்ணு தற்செயலாத் தெரியத்தானே செய்யும்? டிமிடான் தேடும்போதும் இப்படித்தான் ஏமாந்து போவோம். அதுக்குன்னு ஒரு திருத்தம் இருக்கு. அதைப் போட்டா உன் கசிவு ஒண்ணரை சிக்மாவுக்கு இறங்கிடும்."

சிக்மா என்பது ஒன்று தற்செயல் அல்ல என்று எவ்வளவு தூரம் அடித்துச் சொல்லலாம் என்பதற்கான முழக்கோல். மூன்று வந்தால் சாட்சியம். ஐந்து வந்தால்தான் கண்டுபிடிப்பு. இருபத்தொன்பது வருடத்தில் ஆய்வகம் எட்டிய உச்சம் இரண்டே முக்கால். அதற்கு ஒரு விருந்து வைத்தார்கள்.

"பேராசிரியரே, அது இப்பவும் குமிழி விட்டுக்கிட்டிருக்கு. வாங்க, காட்டுறேன்."

"அதே மூட்டுலயா?"

"அதே மூட்டுல."

"அப்ப அது புது நிகழ்வு இல்ல. பழசே தொடருது. ஒண்ணுன்னுதான் கணக்கு." அவர் குறித்துக்கொண்டார். "அதோட, கசிவைக் கண்டுபிடிச்சோம்னு அறிவிக்கணும்னா கட்டுரை எழுதணும். கட்டுரைன்னா கூட்டுக்குழுவுல இருக்குற ரெண்டாயிரத்தி எண்ணூறு பேரும் ஆசிரியர். எல்லாரும் ஒத்துக்கணும். பேரு அகரவரிசையில வரும். வார்னான்னா கடைசிப் பக்கம்தான், வருத்தப்படக் கூடாது."

"கட்டுரை வேணாம். மூட்டை மாத்தினாப் போதும்."

"இல்லாத கசிவுக்கு எப்படிம்மா மாத்துறது?"

குழுவில் இன்னொருவர் வாளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்க தரச்சான்று வாங்கின கருவி?"

"எங்கம்மா கடையில. பத்து லிட்டர் மயோனைஸ் வந்த வாளி."

குழு கூடிப் பேசியது. மயோனைஸ் எண்ணெயும் முட்டையும் கலந்தது. அதிலிருந்தேகூட குமிழி வரலாம். வாளியில் ஒட்டியிருக்கும் மயோனைஸ் தன்பாட்டில் எத்தனை குமிழி விடும் என்று தெரியாமல் மூட்டு விட்ட குமிழியைப் பற்றிப் பேசுவது பொறுப்பாகாது. டாக்டர் பட்டம் பெற்ற இரண்டு பேரைப் பதினெட்டு மாதத்துக்கு அந்த ஆய்வுக்கு நியமித்தார்கள். வாளியில் 'தரச்சான்று நிலுவையில்' என்று ஒரு மஞ்சள் ஒட்டுச்சீட்டு ஒட்டி, சிறிய கூட்ட அறையின் அலமாரியில் வைத்துவிட்டார்கள். ஓடீலிடம் ரசீது கொடுத்தார்கள்.

புதன்கிழமை அவளை பிரஸ்ஸல்ஸுக்கு அழைத்துப் போனார்கள். அழைத்துப் போனவள் ஆரியான் பெக்கார். ஆய்வகத்துக்கு இலவச அனுமதிச் சீட்டு வாங்கித் தருவதற்காகவே அமர்த்தப்பட்டவள். ரயிலில் எதிர் இருக்கையில் உட்கார்ந்து, ஓடீலின் கோட்டைப் பார்த்துத் திருப்தியோடு தலையசைத்தாள்.

"அதே கோட்டோட இரு, மாத்தாதே. நீ ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா என் பக்கத்துல உக்காந்திரு. ஸெரான்ல பொறந்த பொண்ணு ஒருத்தி பக்கத்துல இருந்தா நாம பேசுறதுக்கு ஒரு கனம் வருது. போன மாசம் சிமென்ட்காரங்க ஒரு வெல்டரைக் கூட்டிட்டு வந்தாங்க. அழகா இருந்தாரு. கையில தீக்காயம்கூட இருந்துச்சு."

"எனக்குக் காயம் ஒண்ணுமில்ல."

"பரவால்ல. முகத்துல கோபம் இருக்கு, அதுவே போதும்."

நாடாளுமன்றத்துக்கு எதிரே ஒரு விடுதியில் காலைச் சாப்பாடு. மேசைக்கு மேசை ஒரு தொழில். கண்ணாடிக்காரர்கள் ஒரு மேசை, இரும்புக்காரர்கள் ஒன்று, காகிதக்காரர்கள் ஒன்று. எல்லா மேசையிலும் ஒரே பேச்சுத்தான்: இலவசச் சீட்டு தராவிட்டால் தொழிலை மூட்டைகட்டிக்கொண்டு வேறு கண்டத்துக்குப் போய்விடுவோம். கிளம்பிவிடும் ஆபத்து இருக்கிறவர்களுக்குத்தான் சீட்டு இலவசம். அந்த அறையில் அன்று காலை ஐரோப்பா முழுக்கப் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டிருந்தது. கட்டிக்கொண்டே இன்னொரு குரவாஸான் ரொட்டி எடுத்துப் போட்டுக்கொண்டது.

இவர்கள் மேசைக்கு வந்த அதிகாரி, மெலிந்த மனிதர், கேள்விகளைச் சாப்பாட்டுக்கு இடையில் கேட்பவர்.

"நீங்களும் வெளிநாடு போயிடுவீங்களா?"

"மனசில்லாமத்தான்," என்றாள் ஆரியான்.

"முப்பத்தொரு கிலோமீட்டர் சுரங்கம்னு போட்டிருக்கீங்க. அதை எப்படிங்க கொண்டு போவீங்க?"

"படிப்படியா."

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். "சரி. சுண்ணாம்புக் காளவாய்க்கு ஒரு டன் சுண்ணாம்புக்கு இத்தனை சீட்டுன்னு குடுக்குறோம். நீங்க என்ன உற்பத்தி பண்றீங்க?"

"புதுத் துகள்."

"எத்தனை?"

"இதுவரைக்குமா?"

"ஆமா."

"பூஜ்யம்." ஆரியான் கொஞ்சமும் அசரவில்லை. "ஆனா அதை மட்டும் வச்சுப் பாக்கக் கூடாது. ஒவ்வொரு வருஷமும் இன்னின்ன துகள் இன்னின்ன எடையில இல்லவே இல்லைன்னு நிரூபிக்கிறோம். போன வருஷம் மட்டும் நானூத்திப் பன்னெண்டு இல்லாமை. உலகத்துலயே எங்க அளவுக்கு இல்லாமை உற்பத்தி பண்றவங்க வேற யாரும் கிடையாது."

அதிகாரி பேனாவை எடுத்து 'இல்லாமை, 412' என்று எழுதினார். எழுதியதை ஒருமுறை பார்த்தார். அவருக்குப் பிடித்துப்போனதுபோலத் தெரிந்தது; ஒருவேளை எண்ணிக்கையாக இருந்ததால்.

"ஒரு இல்லாமைக்கு ஒரு சீட்டு போதுமா?"

"ஆறு வேணும். அதுல சிலது ரொம்ப கனமான இல்லாமை."

"ஆறு," என்று எழுதினார்.

ஓடீல் வாயை மூடிக்கொண்டு இருக்கத்தான் பார்த்தாள். முடியவில்லை. "ஆனா எங்க மூட்டு ஒண்ணு கசியுது. படிவத்துல பூஜ்யம்னு போட்டிருக்காங்க."

ஆரியான் பெருமையோடு அவள் தோளில் கை வைத்தாள். "பாத்தீங்களா இந்த நேர்மையை? நாங்க வெளிநாடு போனா ஐரோப்பா இதையும் சேத்துத்தான் இழக்கும்."

அதிகாரி உண்மையாகவே உருகினார். அப்புறம், "படிவத்துல என்ன இருக்கோ அதுதான் எனக்கு அளவு," என்றார். "கையெழுத்து யாரோடது?"

"இவளோடதுதான்," என்றாள் ஆரியான்.

இரண்டு பேரும் ஓடீலைப் பார்த்தார்கள். அவளுக்கு முன்னால் இருந்த முட்டை ஆறிப்போயிருந்தது.

திரும்பி வரும் ரயிலில் ஆரியான் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு விளக்கினாள். "ரெண்டாயிரத்தி நானூத்தி எழுபத்திரண்டு சீட்டு. கசிவு பூஜ்யம்னா அத்தனையும் மிச்சம். விக்கலாம். சுண்ணாம்புக்காரங்க வாங்கிப்பாங்க, அவங்களுக்குப் பாவம், நிஜமாவே சுண்ணாம்பும் புகையும் வந்துடுது."

வியாழக்கிழமை ஓடீல் விடுப்பெடுத்தாள். காலையில் ஆய்வகத்துச் சிலிண்டர் கிடங்குக்கு மட்டும் போய், அங்கே நின்று, ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து எதையோ எழுதிக்கொண்டு, மதியம் ஸெரான் வந்து சேர்ந்தாள். கடை திறக்க இன்னும் ஒரு மணிநேரம் இருந்தது. ஜோஸியான் முதல் வறுவலை எடுத்துத் தட்டில் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"வாளி எங்கடி?"

"பிடிச்சு வச்சுக்கிட்டாங்க."

"மயோனைஸ் வாளியையா?"

"அதுல எவ்வளவு மயோனைஸ் ஒட்டியிருக்குன்னு டாக்டர் பட்டம் வாங்கின ரெண்டு பேரு ஆராயறாங்க."

"நான் நல்லாத்தானே கழுவிக் குடுத்தேன்." ஜோஸியானுக்கு நிஜமாகவே உறைத்துவிட்டது. "வெந்நீர் ஊத்தி ரெண்டு தடவை கழுவினேன். அவங்க சூப்புப் பானையைப் போய் ஆராயச் சொல்லு."

ஓடீல் எல்லாவற்றையும் சொன்னாள். இல்லாமை 412 வரைக்கும் சொன்னாள். ஜோஸியான் ஒரு கேள்வியும் கேட்காமல் கேட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"கையெழுத்துப் போட்டா வேலை நிரந்தரம்."

"ஆமா."

"போடலேன்னா ஜூன் முப்பது."

"ஆமா."

"அப்பப் போட்டுத் தொலையேன்டி. பொய்யின்னா அது அவங்க பொய்தானே, உன்னுதா? இந்தத் தெருவுல இருக்கிறவங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், எம்பொண்ணுக்கு சாகுற வரைக்கும் வேலைன்னு. அந்த ரொட்டிக்கடைக்காரி மூஞ்சி போன போக்கை நீ பாக்கல."

பேசிக்கொண்டே அவள் குனிந்து காலிச் சிலிண்டரை உருட்டிவிட்டு, புதியதை இழுத்து, குழாயை மாட்டினாள். கழுவுதொட்டியில் பிரஷ்ஷைத் தோய்த்து மூட்டைச் சுற்றித் தடவினாள். கண் பாட்டுக்கு வறுவலில் இருந்தது, கை பாட்டுக்கு இதைச் செய்தது. ஒரு சின்னக் குமிழி வந்தது. திருகை இன்னும் கால் சுற்றுச் சுற்றினாள். மறுபடி தடவினாள். வரவில்லை.

"ஏம்மா, எத்தனை குமிழி வந்தாக் கசியுதுன்னு அர்த்தம்?"

"என்னடி கேள்வி இது? ஒண்ணு."

"அஞ்சு வேணாமா?"

"அஞ்சு வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டிருந்தா கடையும் இருக்காது, பாலமும் இருக்காது." ஜோஸியான் நிமிர்ந்து மகளின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். "போடப்போறதில்ல, அப்படித்தானே. ரொட்டிக்கடைக்காரிக்கு நான் என்னத்தைச் சொல்றது?"

"ஆய்வகம் வெளிநாடு போயிடுச்சுன்னு சொல்லு."

"எப்படிடி போச்சுன்னு கேப்பாளே."

"படிப்படியா."

ஜோஸியான் சிரிக்கவில்லை. உப்பை மட்டும் கொஞ்சம் பலமாகத் தூவினாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆய்வகத்தில் டிமிடான் பெட்டி திறக்கும் விழா. மூன்று வருடத் தரவு. முன்கூடத்தில் நானூறு பேர் கூடியிருந்தார்கள். நீளமான மேசையில் வெர்வியே ஊர்ப் பலகாரமான அரிசி டார்ட்டுகளும் ஷாம்பெயின் கோப்பைகளும் அடுக்கியிருந்தன. யாரோ ஒருவர் விசையை அழுத்தினார். திரையில் ஒரு கோடு வந்தது. தட்டையான கோடு. டிமிடானைக் காட்டும் மேடு ஒன்றுகூட இல்லை.

கூடம் கைதட்டியது.

"இருபத்தொன்பது வருஷமாத் தேடுறோம்," என்று லோடவைக் மேடையிலிருந்து சொன்னார். "முதல்ல அது கிடைக்காதோன்னு பயம் இருந்துச்சு. இப்ப அந்தப் பயம் சுத்தமாப் போயிடுச்சு. ஒவ்வொரு தடவை கிடைக்காதபோதும் இன்னும் பெரிய வளையம் வேணும்ங்கிறது இன்னும் தெளிவாகுது. கிடைச்சிருந்தா நம்ம நிலைமை என்ன ஆயிருக்கும்னு நெனச்சுப் பாருங்க."

நானூறு பேரும் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார்கள். சிலர் முகம் வெளிறியது.

பதினொன்றரைக்குச் சிறிய கூட்ட அறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். லோடவைக், ஸ்ட்ரூவ, ஆரியான், குறிப்பெழுத நேல், எதிரே ஓடீல். அலமாரியில் மஞ்சள் ஒட்டுச்சீட்டோடு நீல வாளி. மேசையில் ஒரே கவ்வியில் மாட்டிய படிவமும் வேலைக் கடிதமும். பக்கத்தில் மூடி கழற்றிய பேனா. ஆளுக்கு ஒரு துண்டு டார்ட்டையும் வைத்திருந்தார்கள்.

"பன்னெண்டு மணிக்குள்ள லியேஜ்ல இருக்கணும்," என்றாள் ஆரியான். "கார் வாசல்ல நிக்குது."

"முதல்ல மீட்டர் பெட்டியைத் திறங்க," என்றாள் ஓடீல்.

லோடவைக் பெருமூச்சு விட்டார். கோபப்படவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"உனக்கு ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. இல்லாத ஒண்ணை இருபத்தொன்பது வருஷமாத் தேடியிருக்கோம். ஒரு அமைச்சர், ஒரு பத்திரிகைக்காரர், யாரும் நம்மளை ஒரு வார்த்தை கேட்டதில்ல. நீ ஒரு பிரஷ்ஷைத் தூக்கிக்கிட்டு ரெண்டே நாள்ல இருக்குற ஒண்ணைக் கண்டுபிடிச்சுட்டே. இது வெளிய இருக்குறவங்களுக்கு எப்படித் தோணும்னு யோசிச்சியா? நம்ம ரெண்டாயிரத்தி எண்ணூறு பேரு மனசு என்ன பாடுபடும்?"

"பெட்டியைத் திறக்க முடியாதுன்னு நாங்க சொல்லல," என்று ஸ்ட்ரூவ இதமாகச் சேர்த்துக்கொண்டார். "திறக்கலாமான்னு பரிசீலிக்க ஒரு குழு போடலாமான்னு இப்பவே வாக்கெடுக்கலாம். நீ மட்டும் கொஞ்சம் வெளிய நிக்கணும். உனக்கு விஷயம் தெரியும்ங்கிறதால நீ நடுநிலையா இருக்க முடியாது."

ஓடீல் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தாள். அதே படிவத்தின் நகல். லியேஜ் அலுவலக முத்திரை, அன்றைய தேதி, காலை எட்டு நாற்பது. வெளியேறிய அளவு என்ற இடத்தில் கையால் எழுதியிருந்தது: ஆயிரத்து அறுநூறு கிலோ. கீழே அவள் கையெழுத்து.

ஆரியான் டார்ட்டை வாயருகே பிடித்தபடி அப்படியே இருந்தாள்.

"மீட்டரைப் பாக்காம எப்படி எழுதினே?" என்று கேட்டார் லோடவைக்.

"எடை போட்டேன். கிடங்குல சிலிண்டர் வரும்போதும் தராசுல ஏத்துறாங்க, போகும்போதும் ஏத்துறாங்க. நோட்டுல எழுதுறாங்க. அதை யாரும் பூட்டி வைக்கல. யாருக்கும் தோணல போல. வந்ததுல போனதையும் நிக்கிறதையும் கழிச்சேன்."

"பிழை வரம்பு?" ஸ்ட்ரூவ தன்னையறியாமல் கேட்டார்.

"ரெண்டு கிலோ முன்னப்பின்ன."

ஸ்ட்ரூவ டார்ட் வைத்திருந்த காகிதத்தின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு வகுத்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை வகுத்தார்.

"எண்ணூறு," என்றார்.

"என்ன எண்ணூறு?"

"சிக்மா."

முன்கூடத்திலிருந்து ஷாம்பெயின் மூடி ஒன்று தெறிக்கும் சத்தம் வந்தது.

"எண்ணூறு சிக்மா," என்று ஸ்ட்ரூவ மறுபடி சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. "என் வாழ்நாள்ல பாப்பேன்னு நெனைக்கல."

லோடவைக் மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார். "அப்ப இது கண்டுபிடிப்பு. நம்ம ஆய்வகத்தோட முதல் கண்டுபிடிப்பு."

"இதை எப்படியாவது ஒரு இல்லாமையா மாத்த முடியாதா?" ஆரியான் கேட்டாள்.

"ரெண்டேமுக்கால்ல மாத்தலாம். எண்ணூறுல முடியாது," என்றார் ஸ்ட்ரூவ.

"கட்டுரையை யார் எழுதுறது?" லோடவைக் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். "ஒரு குழு வேணும். பத்திரிகைக்காரங்களைக் கூப்பிடணும். என்ன கண்டுபிடிச்சோம்னு மட்டும் கொஞ்சம் பொதுவாச் சொல்லிக்கலாம். ஓடீல், உன் பேரும் வரும், அகரவரிசையில. உக்காரு, எங்க எந்திரிச்சுட்டே? வேலைக் கடிதம் இன்னும் இங்கதான் இருக்கு."

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

"நேத்தே முடிவு பண்ணிட்டேன்."

"நேத்தே முடிவு பண்ணி, காலையில எட்டு நாப்பதுக்கே குடுத்துட்டே. பின்ன எதுக்கு இன்னிக்கு இங்க வந்தே?"

"வாளிக்காக," என்றாள் ஓடீல். "அது எங்கம்மாவோடது."

அவள் அலமாரியிலிருந்து வாளியை எடுத்து, ரசீதை அந்த இடத்தில் வைத்தாள். கோட்டுப் பையிலிருந்து சின்ன ரப்பர் வளையம் ஒன்றை எடுத்து வேலைக் கடிதத்தின் மேல், சரியாகத் தன் பெயருக்கு மேல், வைத்தாள்.

"நூத்தி அறுபத்து மூணுக்கு."

நேல் பேனாவைத் தூக்கிப் பிடித்தாள். "ஓடீல், குறிப்புல நான் என்னத்தை எழுதட்டும்?"

"குமிழி இன்னும் வருதுன்னு எழுது."

நேல் முதல் தடவையாக இயக்குநரைப் பார்க்காமல் எழுதினாள்.

கதவு சாத்தும்போது, அந்த வளையத்துக்குத் தரச்சான்று இருக்கிறதா என்று ஸ்ட்ரூவ கேட்பது ஓடீலின் காதில் விழுந்தது. முன்கூடத்தில் நானூறு பேர் தட்டையான கோட்டுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாளியும் கையுமாக வந்தவளுக்கு வழிவிட்டார்கள். சுத்தம் செய்ய வந்தவள் என்று நினைத்திருக்க வேண்டும். ஒருவர் காலிக் கோப்பையை அதற்குள் போட்டார். அவள் நின்று, அதை எடுத்து அவர் கையிலேயே திரும்பக் கொடுத்துவிட்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று நடந்தாள்.